மாமாவும் நானும் சேர்ந்து வைத்திருந்த கணக்கு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "அடுப்புல பால் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. போனில் பதில் சொன்னால் அது ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். நீயும் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு, உனக்குத் தோன்றியதைச் செய்வாய். எழுதி அனுப்பினால் பாதியாவது படிப்பாய் என்று ஒரு நம்பிக்கை. கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு இப்படிப்பட்ட நம்பிக்கைகள் போக நாளாகும்.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துக்கொள். உன் மனைவி தேவியின் தம்பி பிரபு, இங்கே சிப்காட்டில் உள்ள கம்பெனிகளுக்கு மதியச் சாப்பாடு சப்ளை செய்கிறான். கம்பெனிக்காரர்கள் சாம்பாரை இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு, அதற்கான பணத்தைச் சாம்பாரின் ருசி மறந்துபோன பிறகு தருகிறார்கள். அரிசிக்கடைக்காரருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் பிரபு வங்கியில் ஓவர்டிராஃப்ட் கேட்டிருக்கிறான், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேலேயும் எடுத்துக்கொள்ளும் வசதி. அவர்கள், "சம்பளக்காரர் ஒருத்தரைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வா" என்றிருக்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த சம்பளக்காரன் நீதான். "சும்மா பேருக்குத்தான் மச்சான், ஒரு கையெழுத்து" என்று கேட்டிருக்கிறான். நீ என்னிடம், "கல்யாணமாகி மூணாவது மாசம்மா, முடியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றாய். போட்டால் என்ன ஆகும் என்று நீ கேட்கவில்லை, கவனித்தாயா? நானும் என் தம்பிக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

உன் சேகர் மாமாவும் நானும் சிதம்பரத்தில் ஒரு கூட்டுக் கணக்கு வைத்திருந்தோம் என்பது உனக்கு அரைகுறையாகத் தெரியும். சுனாமியில் கடல் உள்ளே வந்தபோது கிள்ளையில் மாமா வீட்டில் சுவர்கள் நின்றன, மற்றதெல்லாம் போய்விட்டது. ரேஷன் கார்டும் போய்விட்டது. நிவாரணத்துக்கு அவன் பெயரில் காசோலை வந்தது. அதை மாற்றக் கணக்கு வேண்டும், கணக்குத் தொடங்க ரேஷன் கார்டு வேண்டும், ரேஷன் கார்டு எங்கே இருக்கிறது என்று கடலைத்தான் கேட்க வேண்டும். நான் தினமும் செம்மண்டலம் வீட்டிலிருந்து பஸ் பிடித்து சிதம்பரம் போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், சம்பளமும் அங்கே உள்ள வங்கியில்தான் விழுந்தது. அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர். "மேடம், உங்க பேரையும் சேத்துடுங்க. உங்களத்தான் எங்களுக்குத் தெரியுமே" என்றார். சேர்த்தேன். இரண்டு பேரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்று ஏற்பாடு. இதில் எந்தத் தவறும் இல்லை. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் அதே கவுண்டரில் போய் நிற்பேன்.

அதோடு நின்றிருக்க வேண்டும். காசோலை மாறியது, வீட்டுக்குக் கூரை வந்தது, மாமாவுக்குத் தைரியமும் வந்தது. படகுகளிடம் இறால் வாங்கிக் கம்பெனிக்கு அனுப்புகிறவன், வாடகை வண்டிக்குக் கொடுப்பதற்குச் சொந்த வண்டியே வாங்கிவிடலாமே என்று கணக்குப் போட்டான். வங்கியில் சின்ன வேன் ஒன்றுக்குக் கடன் கேட்டான். தவணை அந்தக் கூட்டுக் கணக்கிலிருந்து போவதாலும், அதில் சம்பளக்காரி நான் ஒருத்திதான் என்பதாலும், கடன் பத்திரத்தில் என் கையெழுத்தையும் கேட்டார்கள். நூலகத்துக்கே தாள்களைக் கொண்டுவந்துவிட்டான். இறால் வாசனையோடு ஒரு ஆள் உள்ளே வந்ததும், ஆராய்ச்சி மாணவர்கள் இரண்டு பேர் ஆராய்ச்சியை விட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். "யக்கா, சும்மா பேருக்குத்தான். பெருக்கல் குறி போட்டிருக்கற எடத்துல எல்லாம் போடு" என்றான். ஒரு புத்தகத்தைப் பதிந்துகொள்வதற்கு முன்னால் அதன் அச்சகம் வரை படித்துப் பார்க்கிறவள், அந்தத் தாள்களை ஒரு வரிகூடப் படிக்கவில்லை. தம்பி முன்னால் உட்கார்ந்து படித்தால் அவனைச் சந்தேகப்படுகிறேன் என்று ஆகிவிடாதா? நம் குடும்பங்களில் பத்திரத்தைப் படிப்பது பாசக் குறைவு.

இரண்டு வருஷம் போல தவணை ஒழுங்காகப் போயிற்று. பிறகு விவசாயக் கடன் தள்ளுபடி என்று பேச்சு அடிபட்டது. மாமா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். இறாலும் குளத்தில் விளைகிற பொருள்தான், ஆக இறாலை ஏற்றும் வண்டி விவசாய வண்டிதான் என்று முடிவுக்கு வந்தான். "அப்படி இருக்காதுடா" என்றேன். "உனுக்கு இன்னாக்கா தெரியும், நெல்லு மட்டும்தான் வெளையுதா? எறா வெளையலயா?" என்று கேட்டான். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அதற்கு மறுப்பு இல்லை. தள்ளுபடிக்காகக் காத்திருந்ததில் தவணைகள் நின்றன. தள்ளுபடி வந்தது, இறாலை எட்டிக்கூடப் பார்க்காமல் நெல் வயல் பக்கம் போய்விட்டது. அதற்குள் பாக்கி ஏறிப்போய், வங்கி ஆட்கள் கிள்ளையில் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அதன் பிறகு வங்கி சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, வராத கடன்களைப் பேசி முடிப்பதற்கு முகாம் நடத்தியது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் அப்படியே கட்டியிருந்தது. உள்ளே போகிற ஒவ்வொருவரும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி விறைப்பாகப் போனார்கள். நானும் போயிருந்தேன், கையெழுத்துக்காக. என் தம்பியின் முழுத் திறமையையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலரிடம், "சார், இந்த லோனு பழைய சரக்கு. வச்சிருந்தீங்கன்னா நாத்தம்தான் ஜாஸ்தியாகும். இன்னிக்கு ரேட்டுக்குத் தள்ளிவுட்டுடுங்க, ரொக்கமா குடுத்துட்டுப் போறேன்" என்றான். அவர், "இன்னாய்யா, பேங்க்ல வந்து எறா வெயாபாரம் பண்ற?" என்றார். "ரெண்டுமே ஐஸ் வச்சாத்தான் சார் நகருது" என்றான். அவர் சிரித்துவிட்டார். சிரித்த ஆளிடம் மேற்கொண்டு குறைப்பது அவனுக்குத் தொழில். கட்ட வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து பேரம் படிந்தது. மீதியை விட்டுக்கொடுத்து, கணக்கு முடிந்தது என்று கடிதமும் கொடுத்தார்கள். மாமா வெளியே ஓடிப்போய் லட்டு வாங்கிவந்து அந்த அலுவலருக்கே கொடுத்தான். நானும் ஒன்று எடுத்துக்கொண்டேன். எங்கள் வம்சத்தில் வங்கியை ஜெயித்த முதல் ஆள் என் தம்பி என்று அன்றைக்கு பஸ்ஸில் வரும்போது பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் கோயம்புத்தூரில் உனக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டுப் போவதா என்று நீ தயங்கினாய், "லோன் இருக்குடா, நீ ஏன் கவலைப்படற" என்று உன்னைத் தள்ளிவிட்டது நான். பெற்றோர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். கையெழுத்துப் போடுவதில்தான் எனக்கு முன் அனுபவம் இருக்கிறதே என்று, நானும் அப்பாவும் கடலூரில் உள்ள வங்கிக்குப் போனோம். உன் வயதுப் பெண் ஒருத்தி அதிகாரியாக இருந்தாள். கணினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"மேடம், சிதம்பரத்துல ஒரு வேன் லோன் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. முடிச்சுட்டோம். லெட்டரே வச்சிருக்கேன்."

"முடிச்சீங்க மேடம். முழுசா கட்டி முடிக்கல. பேங்க் விட்டுக்குடுத்து முடிஞ்சிருக்கு. அது இங்க நிக்குது."

"அவுங்களாத்தானே ஒத்துக்கிட்டாங்க?"

"ஒத்துக்கிட்டாங்க மேடம். ஞாபகமும் வச்சுக்கிட்டாங்க."

மும்பையில் ஒரு நிறுவனம் இருக்கிறதாம். நாட்டில் யார் எங்கே கடன் வாங்கினார்கள், எந்த மாதம் கட்டவில்லை, யாரிடம் பேரம் பேசினார்கள் என்று எல்லா வங்கிகளும் அங்கே சொல்லிவிடுமாம். கேட்கிற வங்கிக்கு அவர்கள் எடுத்துக் கொடுப்பார்களாம். நானும் நூலகக்காரிதான், இவ்வளவு ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட நூலகம் ஒன்று நாட்டில் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "வேன் என் தம்பியோடதும்மா. நான் கூட்டுக் கணக்குல இருக்கேன்னு கையெழுத்துப் போட்டேன், அவ்ளோதான். போட்டா அதுல பாதிதானே எனக்கு?" என்று கேட்டேன். அந்தப் பெண் மிகவும் பொறுமையாக, "பாதி கடன்காரங்கன்னு யாரும் கெடையாது மேடம். ரெண்டு பேருமே முழுசுக்கும் பொறுப்பு" என்றாள். சொத்தைத்தான் நாம் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் பழகியிருக்கிறோம். கடன் அப்படிப் பிரிவதில்லை, ஆளுக்கு ஒரு முழுக் கடனாகப் பெருகிவிடுகிறது.

சரி, அப்பாவின் பெயரைப் போட்டுப் பாருங்கள் என்றோம். உன் அப்பா ஆயுளில் யாரிடமும் கடன் வாங்கியதில்லை. சைக்கிளைக்கூட மொத்தப் பணம் சேர்ந்த பிறகுதான் வாங்கினார். அந்தப் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "சாரப் பத்தி ஒண்ணுமே வரலையே" என்றாள் அந்தப் பெண். "நான் யாருகிட்டயும் கை நீட்டுனதில்லம்மா" என்றார். "அதான் சார், உங்கள நம்பலாமான்னு சொல்ல யாருமே இல்ல. மேலிடத்துக்கு எழுதறேன், நாளாகும்" என்றாள். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு, "இத்தன வருஷம் ஒழுக்கமா இருந்ததுக்கு ஒரு மார்க்குகூட கெடையாதா?" என்று என்னிடம் கேட்டார். கல்லூரியில் பணம் கட்டக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நீ அதற்குள் வேலையை விட்டிருந்தாய். அந்த வாரம் நான் சமைத்த எதிலும் உப்பு சரியாக இல்லை, நீ அதையும் சாப்பிட்டு எழுந்தாய்.

முதல் வருஷப் பணம் அப்பாவின் பி.எஃப். பணத்திலிருந்து வந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறோம். வரவில்லை. விஷயம் எப்படியோ சேகர் மாமா காதுக்குப் போய்விட்டது. எப்படியோ என்ன, நான்தான் போனில் கத்தினேன். அவன் வேனை விற்றான். பணத்தை எடுத்துக்கொண்டு சிதம்பரத்து வங்கிக்குப் போய், "நீங்க வுட்டுக்குடுத்தீங்களே, அந்த மீதிய வாங்கிக்குங்க. அக்கா பேர மட்டும் அழிச்சுடுங்க" என்று கேட்டிருக்கிறான். மூடிய கணக்கில் பணம் போட வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மேலே எழுதிக் கேட்க வேண்டும், பதில் எப்போது வரும் என்று தெரியாது, வந்தாலும் பழைய பதிவு ஒரேயடியாகப் போய்விடாது. அவன் அங்கிருந்து நேரே பஸ் ஏறி செம்மண்டலம் வந்துவிட்டான்.

"இன்னா பேங்க்குக்கா இது? பணம் இல்லாதப்ப வூட்டு வாசல்ல வந்து நின்னாங்க. எடுத்துகிட்டுப் போனா வாங்க மாட்டேங்குறாங்க."

"அதுக்கு வேன ஏன்டா வித்த?"

"வாங்க மாட்டாங்கன்னு எனுக்குத் தெரியுமா? சரி, இத புள்ளைக்குக் கட்டிடு."

நன்றி சொல்வதற்கு எங்களுக்கு வழக்கமில்லை. "சாப்புட்டியா?" என்று கேட்டேன். "இன்னா கொழம்பு?" என்றான். சாம்பார் என்றேன். "அப்ப நான் கெளம்பறேன்" என்று போய்விட்டான். அந்த தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அவன் மொபெட்டில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தானே, வேன் எங்கே மாமா என்று கேட்டாய். "வேன்ல போனா தொப்ப வைக்குதுடா" என்றான். நீயும் நம்பினாய். உன் இரண்டாம் வருஷத்துக்கு, மேலிடம் ஒருவழியாக அப்பாவை மன்னித்துக் கடன் கொடுத்தது. அதற்குத்தான் நீ இப்போது தவணை கட்டிக்கொண்டிருக்கிறாய். என் பெயரில் உள்ள அந்தப் பதிவு மட்டும் இன்னும் சில வருஷம் நிற்கும் என்கிறார்கள். நிற்கட்டும், நான் இந்த வயதில் யாரிடமும் கடன் கேட்கப் போவதில்லை.

நீ கேட்கப் போகிறாய். தாம்பரம் பக்கம் ஃபிளாட் பார்த்துக்கொண்டிருப்பதாக தேவி சொன்னாள், சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்பது வரைக்கும் சொன்னாள். அதனால் இதை நிதானமாகப் படி. பிரபுவோடு வெறும் சேமிப்புக் கணக்கு ஒன்று சேர்ந்து வைத்துக்கொண்டால், அதனால் மட்டும் மும்பையில் உன்னைப் பற்றி யாரும் எதுவும் எழுத மாட்டார்கள். அவன் பணம் முழுவதையும் எடுத்துவிட்டால் நீ வாய் திறக்க முடியாது, அந்த ஆபத்து மட்டும்தான். ஓவர்டிராஃப்ட் அப்படி இல்லை. அது கடன். அவன் எடுப்பது அத்தனையும் உன் பெயரிலும் முழுதாக ஏறும். நீ ஃபிளாட்டுக்குக் கடன் கேட்கிற அன்றைக்கு, இவர் தலையில் ஏற்கெனவே இவ்வளவு இருக்கிறதே என்று உனக்குக் கொடுப்பதைக் குறைப்பார்கள். சிப்காட்டில் ஏதோ ஒரு கம்பெனிக்காரர் சாப்பாட்டுப் பணத்தைத் தாமதித்து, அதனால் பிரபு தாமதித்தால், நீ சென்னையில் உன் தவணைகளையெல்லாம் தேதி தவறாமல் கட்டிக்கொண்டிருந்தாலும், தாமதித்தவன் நீதான். பிறகு மனம் மாறி, என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால், பாக்கி தீர்ந்த பிறகு வா என்பார்கள். பிரபு நல்ல பையன், எனக்குத் தெரியும். கல்யாணத்தன்று பந்தியில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் அவன் இலையில் உட்கார்ந்தான். ஆனால் என் தம்பியும் நல்லவன்தான். அவன் நல்லவனாக இருந்துகொண்டேதான் இவ்வளவும் நடந்தது.

முடியாது என்று சொல்ல உனக்கு வராது, உன்னை அப்படி வளர்த்திருக்கிறேன். முதலில் தேவியிடம் உட்கார்ந்து பேசு, அவளுக்குத் தெரியாமல் அவள் தம்பியிடம் எதையும் சொல்லாதே. அதன் பிறகு பிரபுவிடம், "அம்மா ஒத்துக்க மாட்டேங்குறாங்க மச்சான். கையெழுத்துப் போட்டா வூட்டுப் படி ஏறாதன்னு சொல்லிட்டாங்க" என்று சொல்லிவிடு. நான் அப்படிச் சொன்னதாகவே வைத்துக்கொள். அவன் வீட்டில் என்னைப் பற்றி இரண்டு நாள் பேசுவார்கள், பேசட்டும். தேவி இதுவரை என்னை நல்ல மாமியார் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். அது எப்படியும் ரொம்ப நாள் தாங்கப்போவதில்லை, உனக்கு உபயோகமாகவாவது போகட்டும்.

அவன் சொந்தப் பெயரில் சின்னதாக ஒரு கடன் வாங்கி, ஒழுங்காகக் கட்டி, அவனைப் பற்றியும் மும்பையில் நாலு நல்ல வரி எழுதவைக்கட்டும். அதுவரை அரிசிக்கடைக்காரர் பொறுக்க மாட்டார் என்று எனக்கும் தெரியும். இதனுடன் ஒரு காசோலை வைத்திருக்கிறேன், ஓய்வு பெற்றபோது வந்ததிலிருந்து. உன் பெயருக்குத்தான் எழுதியிருக்கிறேன். மாற்றி அவன் கையில் கொடு, உன் பணம் என்று சொல்லிக் கொடு. திரும்பி வந்தால் வரட்டும், வராவிட்டால் எழுதிவைக்க நம்மிடம் மும்பைக்காரர் யாரும் இல்லை. நான் கொடுத்தேன் என்று மட்டும் அவனிடமோ தேவியிடமோ வாய் தவறிச் சொல்லிவிடாதே. அப்புறம் நான் கெட்டவள் என்பதை யார் நம்புவார்கள்?

அம்மா